சுமை விதி

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு
இருநூறடி இந்தப்பக்கம் என் எடைமேடை.
பகலெல்லாம் லாரிகளிடம் ரெண்டே கேள்வி:
வெறும் வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் அதே மேசையில்
பில் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு
இருபது முகப் பகடை.

ஜோமோனின் குள்ளப் போர்வீரன்
பத்தேகாலுக்குச் செத்துப்போனான்.
குகைச் சிலந்தி. விஷம். பகடையில் விழுந்தது மூன்று.
செத்த பிறகும் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே
"என்னை இவிடே விட்டுட்டுப் போகாதீங்க" என்கிறான்.
அவன் பேக்கரிக்காரன், சாப்பிடாமல் சாகத் தெரியாது.

"நான் தூக்கிட்டு வர்றேன்" என்றாள் ரம்லத்.
கொழிஞ்சாம்பாறையில் மருந்துக்கடை,
குகைக்குள் மந்திரவாதினி, வலிமை எட்டு.
அதில்தான் சண்டை பிடித்தது.

நாங்கள் ஆடும் தடிப் புத்தகத்தில்
காசுக்கும் எடை உண்டு.
ஐம்பது பொற்காசு ஒரு ராத்தல்,
கயிறு பத்து, கூடாரம் இருபது.
வலிமையைப் பதினைந்தால் பெருக்கு,
அதற்கு மேல் ஒரு ராத்தல் ஏறினாலும் நகராதே.
குள்ளன், கவசம், கோடரி, பையில் ஒரு பாதி ஆட்டுத்தொடை:
கூட்டிப் பார்த்தேன். அவளால் முடியாது.
"இதை எழுதுனவன் ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்தவனுங்க"
என்றான் பொன்னுமணி. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன்.

அவனிடம் ஒரு மெலிந்த புத்தகம் இருக்கிறது.
அதில் ஆளுக்குப் பத்து அறை, அவ்வளவுதான்.
வாள் ஓர் அறை. தீப்பந்தம் மூன்று சேர்ந்து ஓர் அறை.
பயந்தால் அதற்கும் ஓர் அறை, களைத்தால் இன்னொன்று.
ஒருவன் கையில் எதுவுமே இல்லாமல்
நிறைந்துபோய் உட்கார்ந்துவிடலாம்.
இந்த மார்ச்சில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும்போது
எனக்கு அது புரிந்தது.
ஆனால் பிணத்துக்கு எத்தனை அறை?
கடைசிப் பக்கம் வரை புரட்டினோம். இல்லை.

ரம்லத் போனில் மூன்றாவது ஒன்றைக் காட்டினாள்,
நாலே பக்கம்.
எடை என்ற சொல்லே அதில் வராது.
தூக்குகிறேன் என்று சொன்னால் ரெண்டு பகடை உருட்டு.
பத்தைத் தொட்டால் தூக்கியாயிற்று.
ஏழு, எட்டு, ஒன்பது என்றால் தூக்கலாம்,
ஆனால் எதையோ இழப்பாய்.
எதை என்று நடுவர் சொல்ல வேண்டும்.
நடுவர் நான்தான்.
தராசில்லாத உலகத்தில்
எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.
"அதைத்தான் சொல்றேன், மேடைக்காரி" என்றாள்.

உருட்டினாள். எட்டு.

"இந்த ஆட்டத்துல அந்த விதி செல்லாது" என்றேன்.
சாவடிக்கு அந்தப்பக்கம் போன சீட்டு
இந்தப்பக்கம் செல்லாததை
தினம் பத்துப் பேருக்குச் சொல்கிற அதே குரலில்.
பொன்னுமணி சிரிக்கவில்லை.
ஜோமோன் எழுந்து கை கழுவினான்.
"வெளியே தராசு சும்மாதானே கிடக்கு" என்றான்.

இறங்கிப் போனோம். கொசு. சாணி வாசம்.
மேடை நடுவில் ஜோமோன் மட்டும் நின்றான்.
கண்ணாடிக்கு உள்ளே சிவப்பில் எண்பது.
எண்பத்துமூன்று கிலோ என்று அவன் சத்தியம் செய்கிறான்.
பத்துப் பத்தாகத்தான் இதற்கு எண்ணத் தெரியும்,
மீதி மூன்றை அது கேட்பதே இல்லை.
பதினோரு வருஷமாக நான் அச்சடித்த சீட்டுகளில்
இப்படி எத்தனை மூன்று கிலோக்கள் எல்லை தாண்டியிருக்கும்.

பிறகு ரம்லத் குனிந்தாள்.
செருப்பைக் கழற்றினாள், துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்,
அவன் முதுகில் ஏறிக்கொண்டான்.
நூற்று முப்பது.
இறங்கி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.
நூற்று முப்பது.
யார் யாரைச் சுமக்கிறார் என்று
கம்பெனிக்காரன் இதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"என்ன இழக்கிறேன், சொல்லு" என்று கத்தினாள்,
மறுபடி அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்க.
மந்திரக்கோல் என்று சொல்ல வாயெடுத்தேன்.
விளக்கு என்று சொல்லியிருக்கலாம்.

அதற்குள் வைக்கோல் லாரி ஒன்று
மேடை விளிம்பில் வந்து ஹாரன் அடித்தது.
"சீக்கிரம் இறங்குங்க, சாவடி அடைச்சிருவான்."
"இறக்கிடாதே" என்றது பிணம்.